ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்ற ஆள் தேடும் டர்பன்காரர்கள் கவனத்துக்கு

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்றித் தருவதாக ஒருவர் மலிவான விலை சொல்லிக்கொண்டு வருகிறார். கையில் ஒரு கோப்பு இருக்கும். பதிவுச் சான்றிதழ், ஆய்வுச் சான்றிதழ் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் கோவில் மண்டபத்தில் அவர் செய்துவிட்டுப் போனதைச் சுத்தம் செய்ய இன்னொரு கம்பெனிக்கு மறுபடி பணம் கட்டினோம். விஷயம் போலீஸில் இருப்பதால் பெயர் போடவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸை 2008-ல் தடை செய்தார்கள். ஆனால் அதற்கு முன் போட்ட கூரைகள் இன்னும் தலைக்கு மேலேயே இருக்கின்றன. விரிசல் இல்லாத ஷீட்டைச் சீண்டாமல் விட்டால் பெரிய ஆபத்து இல்லை. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால்தான் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். (பெயிண்ட் அடிக்கும் முன் பழைய கூரையைப் பிரஷர் வாஷ் செய்கிறார்களே, அதுவும் இதே வினைதான்.) எங்கள் மண்டபக் கூரை பல இடத்தில் பிளந்து ஒழுகியது. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வரும் இடம். ஆடிக் கூழுக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. நான் கட்டட வேலையில் மேற்பார்வையாளன் என்பதால் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

முதல் பேச்சிலேயே அந்த ஆள் ஒரு குறுக்கு வழி சொன்னார். "அண்ணா, ஒரு நாளைக்குப் பத்து சதுர மீட்டருக்குள்ள எடுத்தா ஒரு பேப்பரும் வேணாம்." பாதி உண்மை. 2020-ல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் அகற்றல் விதிகளில் வேலையை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 10 சதுர மீட்டருக்குக் குறைவான சிமெண்ட் ஷீட்டை எடுப்பது முதல் வகை. அதற்குப் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் வேண்டாம். ஆனால் அதே இடத்தில் ஆறு மாதத்துக்குள் மறுபடி செய்யக் கூடாது என்று அதே வரியில் இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து மண்டபத்தையே முடித்துவிட முடியாது. எங்கள் வேலை இரண்டாம் வகை. அதற்குத் தொழில், வேலைவாய்ப்புத் துறையில் பதிவு பெற்றவர் வேண்டும், எழுத்தில் வேலைத் திட்டம் வேண்டும், தொடங்கும் முன்பே துறையின் மாகாண அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

இதைச் சொன்னதும், "சரிண்ணா, லைசென்ஸும் இருக்கு" என்று கோப்பைத் திறந்தார். சான்றிதழ் பார்க்க அசல் மாதிரிதான் இருந்தது. ஆனால் அதில் இருந்த கம்பெனிப் பெயர் அவர் கொட்டேஷனில் இல்லை. கேட்டால் "பார்ட்னர் கம்பெனி" என்றார். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுப் பார்க்கலாம் என்று நான் சொல்வதற்குள் பொருளாளர் பாதிப் பணத்தை அனுப்பிவிட்டார். தெரிந்த குடும்பத்துப் பையனாம்.

வேலை நடந்த விதம் இப்படி: கடப்பாரையால் நெம்பி ஷீட்டை மேலேயிருந்து கீழே எறிந்தார்கள். துருப்பிடித்த போல்ட்டைக் கிரைண்டரால் ஷீட்டோடு சேர்த்து அறுத்தார்கள். கூரை மேல் நின்ற ஜூலுப் பையன்கள் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். அது என்ன தூசி என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதே உடுப்போடுதான் வீட்டுக்கும் போவார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். வேலையை நிறுத்தச் சொன்னேன். "வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ்தான் அண்ணா, ஒண்ணும் ஆகாது" என்றார். இதை இந்த நாட்டில் நின்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். வடக்கு கேப் சுரங்கப் பகுதியில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு ஆளான 33 பேரைப் பற்றி வாக்னர் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 1960-லேயே எழுதிவிட்டார்கள். அதில் சுரங்கத்தில் வேலையே செய்யாமல் அந்த வட்டாரத்தில் குடியிருந்தவர்களும் உண்டு. அது நீல ஆஸ்பெஸ்டாஸ் என்ற இன்னொரு வகை என்பது சரி. வெள்ளையும் புற்றுநோய் தருவதுதான். நோய் வெளியே தெரிய இருபது, நாற்பது வருடம்கூட ஆகும்.

ஒழுங்காகச் செய்பவர்கள் முதலில் ஷீட்டை நனைப்பார்கள். போல்ட்டைக் கைக்கருவியால் கழற்றி, முழு ஷீட்டாகக் கைமாற்றி இறக்குவார்கள். கனமான பிளாஸ்டிக்கில் சுற்றி எச்சரிக்கை லேபிள் ஒட்டி, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ள குப்பைக் கிடங்குக்கு அனுப்பி ரசீது வாங்கித் தருவார்கள். எங்கள் ஷீட்டுகள் அவருடைய பக்கியில் (சின்னப் பிக்கப் வண்டியில்) ஏறிப் போயின. ரசீது எதுவும் வரவில்லை. கொஞ்சம் உடைசல் பக்கத்து ஓடைக்கரையில் கிடந்தது.

கடைசியில் மீதிப் பணத்துக்காக இடம் சுத்தமாகிவிட்டது என்று சொல்லும் ஒரு 'க்ளியரன்ஸ்' சான்றிதழ் நீட்டினார். அதை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு அமைப்புதான் தர வேண்டும். கழற்றியவரே எழுதித் தரும் தாள் அல்ல. இதில் காற்று மாதிரி எடுத்த விவரமும் இல்லை, ஆய்வகத்தின் பெயரும் இல்லை. தேதியைப் பார்த்தால், கடைசி ஷீட் இறங்குவதற்கு முந்தைய நாள்!

மீதியைக் கொடுக்கவில்லை. சான்றிதழில் இருந்த கம்பெனிக்குப் போன் போட்டேன். அவரை யாரென்றே தெரியாது என்றார்கள். மண்டபத்தைப் பூட்டி, அங்கீகாரம் உள்ள ஆய்வு அமைப்பைக் கூப்பிட்டோம். சீலிங் மேல் முழுக்கத் தூசி. பதிவு பெற்ற இன்னொரு கம்பெனி வந்து துடைத்து, உறிஞ்சி எடுத்த பிறகுதான் உண்மையான சான்றிதழ் கிடைத்தது. அந்த வருடக் கூழ் வெளியே பந்தலில்தான்.

சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரைதான் கேட்க முடியும். எங்கள் தொகை அதைத் தாண்டியதால் வக்கீல் வைத்திருக்கிறோம். போலீஸில் மோசடிப் புகார் கொடுத்தாயிற்று. அதே பக்கி இப்போது கதவில் வேறு பெயரோடு டொங்காட் பக்கம் ஓடுவதாக ஒருவர் சொன்னார். உங்கள் கமிட்டிக்கும் அப்படி ஒரு கொட்டேஷன் வந்திருந்தால், பணம் அனுப்பும் முன் சான்றிதழில் உள்ள கம்பெனியின் நம்பரை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். அவர் கொடுக்கும் நம்பரை நம்பாதீர்கள். அவரிடம் கொட்டேஷன் வாங்கிய கமிட்டிகள் யாராவது இருந்தால் அந்தத் தாளை வைத்திருங்கள். எங்கள் வக்கீல் பார்க்கக் கேட்கிறார்.