ஒட்டகம் வேண்டாம், கோழி மந்தி போதும்

வேலூர் கிரீன் சர்க்கிளைத் தாண்டி காட்பாடி போகிற வழியில் புதிதாக ஒரு மந்திக் கடை வந்திருக்கிறது. மந்தி என்றால் அரபிக் கறிச்சோறு. போன ஞாயிறு மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமா 1992-லிருந்து 2008 வரை ஜித்தாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். அரபிச் சாப்பாடு என்றால் மேல்விஷாரத்தில் நான் கேட்பது அவரிடம்தான்.

உள்ளே சுவர் முழுக்க ஒட்டகம், பேரீச்ச மரம், நடுவில் புர்ஜ் கலீஃபா. "நான் திரும்பி வந்தப்போ இதைக் கட்டியே முடிக்கல. அதுவும் துபாய்ல இருக்கு" என்றார் மாமா. பதினாறு வருஷத்தில் ஒட்டகத்தின் மேல் ஒருமுறைகூட ஏறியதில்லையாம். உட்கார தரையில் மெத்தை. முட்டி வலி உள்ளவர்கள் மேசை கேளுங்கள், மொத்தமே இரண்டுதான்.

கோழி மந்தி அரை 380 ரூபாய், இரண்டு பேருக்குத் தாராளம். சாதம் உதிரியாக, கரிப்புகை மணத்தோடு வந்தது. மந்தி ஏமனின் ஹளரமௌத் பக்கத்துச் சமையல். குழி அடுப்பில் மேலே கறி, கீழே சாதம். கொழுப்பு சொட்டிச் சொட்டி சாதத்தில் இறங்க வேண்டும். இங்கே குழி கிடையாது, சட்டிக்குள் கரித்துண்டு வைத்து மூடுகிறார்கள். கோழியில் அது தெரியவில்லை. மட்டன் வெறும் சக்கை. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட நாக்குக்குக் காரம் பத்தாது, தக்கூஸ் என்கிற தக்காளிச் சட்னி இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்குங்கள். மயோனைஸைத் தொடாதீர்கள்.

ஜித்தாவில் மாமாவுக்கு மந்தி போட்டவரும் ஏமனிலிருந்து பிழைக்க வந்தவர்தான். 1990-க்கு முன் சவுதியில் ஏமன்காரர்களுக்குக் கஃபீல், அதாவது பொறுப்பேற்கிற உள்ளூர்க்காரர், தேவைப்படவில்லை. "அப்புறம் அவங்களும் எங்க வரிசைக்கு வந்துட்டாங்க" என்பார் மாமா. இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் போன இவரை அங்கே எல்லோரும் 'ஹிந்தி' என்றே கூப்பிட்டார்களாம். அரபியில் இந்தியனுக்கு அதுதான் பெயர். ஊருக்கு வந்தால் 'சவுதிக்காரர்'. எம்.ஏ.வில் எழுத்தாளர் கலீல் ஜிப்ரானைப் படித்தபோது, லெபனானிலிருந்து அமெரிக்கா போன அரபுக் கிறிஸ்தவர்களையும் அங்கே 'துருக்கியர்' என்றார்கள் என்று வாசித்தது ஞாபகம் வந்தது. துருக்கியரின் உஸ்மானிய ஆட்சியிலிருந்து போனவர்கள் அல்லவா. அவர்கள் 1920-இல் நியூயார்க்கில் எழுத்தாளர் சங்கமே நடத்தினார்கள். அவர்கள் எழுதியதற்கு மஹ்ஜர் இலக்கியம், அதாவது புலம்பெயர்ந்தோர் இலக்கியம் என்று பெயரும் நின்றுவிட்டது. மாமாவின் பதினாறு வருஷம் மாமியின் பீரோவில் ஏர்மெயில் கட்டாகவும், பேசி அனுப்பிய கேசட்டுகளாகவும் கிடக்கிறது. கேட்கலாம் என்றால் வீட்டில் டேப் இல்லை.

பரிமாறுகிற பையனுக்கு அரபி அங்கி மாட்டிவிட்டிருக்கிறார்கள். அஸ்ஸாம்காரன். ஜித்தாவில் கற்ற இந்தியில் மாமா பேச்சுக் கொடுத்தார்: ஊருக்குப் போய் எத்தனை மாசம் ஆச்சு? பதினான்கு. அதற்கப்புறம் நாங்கள் கேட்காமலே தக்கூஸ் கிண்ணம் நிரம்பிக்கொண்டிருந்தது. பில்லில் அதற்குக் காசு இல்லை.

வண்டி நிறுத்த இடம் மோசம். பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள்.