உடம்பு ஏற்றும் 'மூலிகை'ப் பொடி: என் தம்பிக்கு நடந்தது

'இரண்டே வாரத்தில் ஏழு கிலோ, நூறு சதவீதம் மூலிகை' என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வரும் பொடியை வாங்க நினைப்பவர்களும், ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். இரண்டாவது வகையினர் முக்கியமாக.

சாப்பிட்டது என் தம்பி. வயது 26, உயரம் 170 செ.மீ., எடை 48 கிலோ. பெண் பார்க்கிற நேரம். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் 'என்னப்பா, சோறே போடறதில்லையா?' என்று கேட்டே அவனை நோகடித்திருந்தார்கள்.

முன்பணம் ஜிபேயில். பார்சலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, கூடவே 'பசி எடுக்க' என்று ஜிப் கவரில் பெயரில்லாத காப்ஸ்யூல்கள். டப்பாவில் பயில்வான் படமும் அஸ்வகந்தா என்ற பெயரும் பெரிதாக இருந்தன. உரிம எண், பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி எதுவும் இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் இவை லேபிளில் இருந்தே ஆக வேண்டும். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண் வேண்டும். கேட்டதற்கு, 'பரம்பரை மருந்து சார், லேபிள் எல்லாம் கம்பெனிக்காரன் போடறது' என்றார் விற்றவர்.

பலன் தெரிந்தது, அதுதான் வம்பு. அகோரப் பசி, பகலிலும் தூக்கம், வாராவாரம் எடை ஏற்றம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஏறியதெல்லாம் முகத்திலும் வயிற்றிலும்தான். கன்னம் உப்பி முகம் வட்டமானது. கையும் காலும் முன்பைவிட மெலிந்தன. மாடிப்படி ஏறவே தொடை ஒத்துழைக்கவில்லை என்றான். டப்பா தீர்ந்ததும் அடுத்ததற்கு விலையை இரட்டிப்பாக்கிச் சொன்னார்கள். தம்பி நிறுத்திவிட்டான். அப்புறம் எழுந்தால் தலைசுற்றல், வாந்தி, படுக்கையை விட்டு நகர முடியாத அசதி.

மருத்துவர் அவன் முகத்தைப் பார்த்ததுமே 'என்ன பொடி சாப்பிட்டீங்க?' என்றுதான் கேட்டார். காலையில் எடுத்த ரத்தத்தில் கார்ட்டிசால் மிகக் குறைவு. உடம்பு தானாகவே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன் அது. இப்படிப்பட்ட பொடிகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மாத்திரையையும் கலப்பது உண்டாம். பசியும் தூக்கமும் அலர்ஜி மாத்திரையின் வேலை. ஸ்டீராய்டு முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும், தசையைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும். அதாவது எடை ஏறும்போதே பலம் இறங்குகிறது.

இதைவிட மோசம் இன்னொன்று. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் கார்ட்டிசாலைச் சுரக்கும் நம் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். பொடியைச் சட்டென்று விட்டால் தேவையான கார்ட்டிசால் எங்கிருந்தும் வராது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் இப்போது சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள். டப்பாவோடு உடனே மருத்துவரிடம் போங்கள். தம்பிக்கு கார்ட்டிசாலுக்கு ஈடான மாத்திரை கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் மீட்டார்கள்.

விற்றவரிடம் சொன்னோம். 'கெட்ட நீர் வெளியேறுது, இன்னொரு டப்பா எடுத்தா சரியாயிடும்' என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக்.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய பரிசோதனைகளையும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், சர்க்கரை, காசநோய், குடல்புழு இருந்தாலும் உடம்பு இளைக்கும். இவனுக்கு அதெல்லாம் இல்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து காலைச் சாப்பாட்டைத் தூக்கத்தில் விடுகிறவன், அவ்வளவுதான். இந்த உயரத்துக்குச் சுமார் 54 கிலோ வந்தாலே பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் கணக்கு) 18.5-ஐத் தாண்டிவிடும், அதற்குக் கீழே இருந்தால்தான் எடை குறைவு. தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, வாரத்துக்குக் கால் கிலோ, அரை கிலோ ஏறினால் போதும் என்றார்கள். 100 கிராம் வேர்க்கடலையிலேயே 560 கலோரிக்கு மேல் இருக்கிறது, 25 கிராம் புரதமும் இருக்கிறது. இப்போது கடலை, முட்டை, நேந்திரம்பழம், நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களி என்று போகிறது. தசை பிடிக்கத் தண்டால், பஸ்கி. அந்த டப்பாவின் விலைக்கு எத்தனை மாதக் கடலை வரும் என்று அம்மா கணக்குப் போட்டுத் திட்டாத நாளில்லை!

மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பணத்துக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறோம். அதே பயில்வான் படம் இப்போது வேறு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்களும் ஏமாந்திருந்தால் கூரியர் கவர், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், விற்றவரின் வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். டப்பாவில் மிச்சமிருக்கும் பொடியைக் கொட்டிவிடாதீர்கள், சோதனைக்கு அது வேண்டும்.