22-ஆம் நாள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடியை நிறுத்த எங்கே கூட்டிப்போவது என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூவரும் என்னைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர்கள், மூவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். என் கொழுந்தனாரை இரண்டு இடங்களில் சேர்த்தோம். ஒன்று 21 நாள் தங்க வைக்கும் தனியார் மையம். இன்னொன்று, டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த் பக்கம், வாரத்தில் மூன்று மாலை போய்வரும் இடம். அரசு மானியத்தில் நடக்கிறது, வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள். இரண்டின் பெயரையும் போடவில்லை. முதல் இடத்தைக் குறை சொல்லப்போகிறேன், இரண்டாவது இடத்துக்கு அவர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார், நம்மவர்கள் வட்டமும் சின்னது. நேரில் கேட்டால் சொல்கிறேன்.

அவர் குடித்தது கேன். கரும்பிலிருந்து வடிக்கிற, தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் சரக்கு. கோக்கில் கலந்து குடிப்பார்கள். வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் அவர். கொடி ஏறியதிலிருந்து பத்து நாள் விரதம், கவிச்சி கிடையாது, குடி கிடையாது. அதை வைத்தே அத்தை, அதாவது என் மாமியார், "நெனச்சா நிறுத்திடுறானே, அப்புறம் என்ன?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் அதை நம்பினோம். 2023-இல் கொடி ஏறிய மறுநாள் காலை, பின்பக்கத் துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் பற்பசை நுரையா வலிப்பு நுரையா என்று தெரியாமல் நான் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பது அன்றைக்கு மருத்துவமனையில் நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும் ஆபத்து அதிகம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் நினைவு தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற நிலை வரலாம், கவனிக்காவிட்டால் அதில் உயிரே போகலாம் என்றார். முந்தைய வருட விரதங்களில் கை நடுங்கியதையும் வியர்த்துக் கொட்டியதையும் சாமி வருகிறது என்று சொல்லி நாங்கள் விபூதி பூசியிருக்கிறோம். விரதமோ சத்தியமோ, பெரும் குடிகாரரை மருத்துவரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சரி, தனியார் மையத்துக்கு வருகிறேன். மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு, போதைச் சிகிச்சைக்காக வருடத்தில் மூன்று வாரம் வரை தங்கிப் பார்க்கும் செலவை அந்தத் திட்டம் ஏற்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். நிறைய மையங்களின் சிகிச்சை சரியாக 21 நாளில் முடிவது அதனால்தான் என்று நினைக்கிறேன். இடம் நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. முதல் வாரம் நடுக்கத்துக்கான மாத்திரையைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுத்தார்கள், குடி உடம்பிலிருந்து அரித்துவிடும் தையமின் சத்தை ஊசியாகப் போட்டார்கள், ராத்திரி முழுக்க நர்ஸ் இருந்தார். உடம்பிலிருந்து சரக்கை இறக்குகிற வேலைக்கு அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் அந்த மூன்று வாரத்தில் எங்கள் வீட்டைப் பற்றி ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்க விட்டார்கள், உற்சாகமாகப் பேசுங்கள் என்றார்கள், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு சான்றிதழும் ஒரு வாரத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சனிக்கிழமை சொந்தத்தில் ஒரு கல்யாணம். இந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், மண்டபத்துக்குள்ளே தாலி கட்டு நடக்கும்போது வெளியே கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் வட்டமாக நிற்பார்கள், உள்ளே ஐஸ் பெட்டியும் கேனும் கோக்கும் இருக்கும். நான் பந்திக்குக் கூப்பிடப் போனபோது அவர் கையில் காகிதக் கப் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் காருக்குப் பின்னால் மறைத்தார். முப்பத்தெட்டு வயது மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. திங்கட்கிழமை மையத்துக்குப் போன் செய்தேன். மறுபடி சேர்க்கலாம், ஆனால் இந்த வருடத்துக்கான நாள் தீர்ந்துவிட்டது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும் என்றார்கள். வேறு யோசனை அவர்களிடம் இல்லை.

இரண்டாவது இடம் பழைய கட்டடம், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். முதல் நாளே, குடித்திருக்கிறாரா என்று காட்டும் ஒரு ஊதல் கருவியை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள், இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே எங்களுக்குக் கிடைத்த சமூகப் பணியாளர் ஒரு இளம் ஜூலு பெண். அவர் ஏன் குடிக்கிறாய் என்று கேட்கவே இல்லை. சம்பளம் எந்தக் கிழமை, வங்கி அட்டை யார் கையில், வேலை முடிந்து எந்த வழியாக வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டு, ஒரு தாளில் கொழுந்தனார் வரும் வழியை வரைந்தே விட்டார். இறங்குகிற பஸ் நிறுத்தத்திலிருந்து இருபது அடியில் பாட்டில் ஸ்டோர், சரக்கு விற்கும் கடை. அன்றையிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி மேட்டில் நடந்து வருகிறார். இவ்வளவு சின்ன விஷயம் அந்த 21 நாளில் யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அப்புறம் மருத்துவர் ஈரலைப் பரிசோதித்துவிட்டு, குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை எழுதினார்.

வியாழன் மாலை குடும்பத்தாருக்கு. எனக்கு இது ரொம்ப முக்கியம், சென்னையில் குடி, போதைச் சிகிச்சைக்கான டி.டி.கே. மருத்துவமனை பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது, அங்கே குடும்பத்தாருக்கும் தனியாகப் பயிற்சி உண்டு. அந்த மாதிரி இங்கேயும் இருக்கிறதே என்று அத்தையைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். மூன்று வாரம் அத்தை வாயைத் திறக்கவில்லை. நாலாவது வாரம், யாரும் கேட்காமலே, கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஊரிலிருந்து யாரிடமோ சொல்லி வரவழைத்த பொடி. குடியை மறக்கடிக்குமாம், சாப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாதாம். ஒரு வருடமாகப் பருப்பில் கலந்து போட்டிருக்கிறார். பெற்ற மனசு, என்ன சொல்ல முடியும்? உள்ளே என்ன மருந்து என்று பாக்கெட்டில் ஒரு எழுத்து இல்லை.

மருத்துவர் கோபப்படாமல் விளக்கினார். டைசல்ஃபிராம் என்று ஒரு மருந்து உண்டு, அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கலாம். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்கிறவருக்கு அது உதவும். தெரியாமல் கொடுத்தால் ஆளே போய்விடலாம். உங்கள் பொடியில் அது இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டார். அத்தை அழுதார். சமூகப் பணியாளர் பெண் எழுந்து வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எப்போது என்று கேட்டார். எங்கள் வீட்டில் அத்தையிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆறாவது வாரம் கொழுந்தனார் மறுபடி குடித்தார். மறைக்காமல் தானே போய் ஊதினார். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தோம், அவர்களோ இரண்டு வாரத்துக்கு வாரம் ஐந்து நாள் வரச் சொன்னார்கள். அந்த முடிவால்தான் அவர் இன்னும் அங்கே போகிறார் என்பது என் எண்ணம்.

குறைகள் உண்டு. ஒரு வருடத்தில் மூன்று சமூகப் பணியாளர்கள் மாறிவிட்டார்கள், மானியம் நேரத்துக்கு வராததால் நிற்கமாட்டேன் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஐந்தரை மணிக்கு ஆரம்பித்தால் முடிய ஏழரை ஆகிறது, கார் இல்லாதவர் திரும்புவது கஷ்டம். எல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே பிறந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஊரிலிருந்து வந்த பெண்களுக்கு என் போன்ற யாராவது காதில் சொல்ல வேண்டியிருக்கிறது. குடிக்கும் பெண்களுக்குத் தனிக் குழு கிடையாது. இரண்டு பெண்கள் ஒரே ஒரு நாள் வந்தார்கள், ஆண்கள் நிறைந்த அறையைப் பார்த்தார்கள், அப்புறம் வரவில்லை. தங்கி இறக்குகிற வசதியும் இங்கே இல்லை, தினமும் குடிக்கிறவரானால் முதலில் மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்கள்.

ஷுகர்ஸ் பழக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கு: அது ஹெராயின் கலந்த சரக்கு, சாட்ஸ்வொர்த்தைக் கிட்டத்தட்ட இருபது வருடமாக அரித்துக்கொண்டிருக்கிறது. பேசிப் பேசி மட்டும் தீராது, பலருக்கு ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெதடோன் மருந்து தேவைப்படும், நாங்கள் போகும் இடத்தில் அது இல்லை. 2020 ஊரடங்கில் டர்பனில் வீடில்லாதவர்களைத் தங்க வைத்து மெதடோன் கொடுத்தார்கள், அதன் தொடர்ச்சியாகத்தான் பெல்ஹேவன் என்ற மையமே வந்தது. அதனால் இந்த ஊருக்கு மெதடோன் புதிதல்ல, கேளுங்கள்.

எங்கே சேர்த்தாலும் சமூக மேம்பாட்டுத் துறையின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2008-ஆம் ஆண்டுப் போதைத் தடுப்பு, சிகிச்சைச் சட்டப்படி அது இல்லாமல் நடத்தக்கூடாது. அடித்துத் திருத்துகிறோம், பூட்டி வைக்கிறோம் என்று சொல்கிறவர்களிடம் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்; வர மறுக்கிறவரை அனுப்ப மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வழியாக முறை இருக்கிறது, சமூகப் பணியாளர் அதற்கு உதவுவார். அப்புறம், 22-ஆம் நாள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

வியாழக்கிழமைகளில் அத்தையும் நானும் அங்கேதான் இருப்போம். வாசலில் டீ கொதிகலனுக்குப் பக்கத்து பெஞ்சு. தனியாக வரத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஐந்தே காலுக்கு வெளியே வந்து நிற்கிறேன்.