ஓட்டுக்கூரையா, ஏசி அறையா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் பள்ளியில் இரண்டும் உண்டு: மங்களூர் ஓடு போட்ட பழைய கட்டிடம், கான்கிரீட் தளத்தோடு புதிதாகக் கட்டிய ஏசி அறை. மார்ச்சில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது பிள்ளைகளை எதில் உட்கார வைப்பது?

அவர்களைக் கேட்டால் யோசிக்காமல் ஏசி என்பார்கள். முதல் அரைமணி நேரத்துக்கு அது சரிதான். ஆனால் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். நாற்பது பேர் விட்ட மூச்சு அங்கேயே சுற்றும். வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. ஜன்னலை அடைத்த வகுப்பில் அது 1000-ஐத் தாண்ட அதிக நேரம் பிடிக்காது. கடைசி பெஞ்சில் கொட்டாவி வர என் கணக்குப் பாடம் மட்டும் காரணமில்லை! கரண்ட் போனாலோ, பகலெல்லாம் வெயில் குடித்த தளம் சூட்டைக் கீழே இறக்கும்.

ஓட்டுக்கட்டிடத்தில் உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல்கள். சூடேறிய காற்று ஓட்டு இடுக்குகள் வழியே வெளியேறும்; பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குறுக்கே ஓடும். கூடவே புழுதியும் வரும், நோட்டில் விரல் வைத்தால் தடம் தெரியும். மழைக்காலத்தில் ஒழுகும் இடத்துக்கு ஒரு பக்கெட்.

என் ஓட்டு ஓட்டுக்குத்தான். மதியம் இரண்டு மணிக்கு மேல் மட்டும் ஏசி அறை, அதுவும் ஒரு ஜன்னலைச் சாத்தாமல். கரண்ட் பில் பார்த்து ஹெட்மாஸ்டர் முறைப்பார்.