நாரி நோவுக்கு ரப்பர் சுடுதண்ணிப் பை: வாங்கலாமா?

வெள்ளவத்தையில காலி ரோட்டுப் பாமசிகளில கேட்டா எடுத்துத் தருவினம் இந்த ரப்பர் சுடுதண்ணிப் பை. ரெண்டு லீட்டர் பிடிக்கிற ஒரு ரப்பர் பை, வாயில திருகு மூடி, அவ்வளவுதான். ஆனா நாரி நோவோட வருசக்கணக்கா இழுபடுற ஆக்களுக்கு நான் முதல்ல வாங்கச் சொல்லுறது இதைத்தான், பெல்ட்டும் வேணாம், அதிருற மசாஜ் மெஷினும் வேணாம்.

என்ட நோ கதிரையில இருந்து வேலை செய்து வந்த நோ. பின்னேரம் வரைக்கும் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்திட்டு பஸ்ஸில நிண்டு வந்து இறங்கேக்க நாரி இறுகிப் போயிடும், குனிஞ்சு செருப்புக் கழட்டேலாது. அந்த நேரம் பையை டவலால சுத்தி நாரிக்கு வச்சுக்கொண்டு ஒருக்களிச்சுப் படுத்தா ஒரு பதினைஞ்சு இருவது நிமிசத்தில இறுக்கம் விடத் தொடங்கும். அம்மா ஊரில உப்பு வறுத்து சீலையில முடிஞ்சு ஒத்தணம் பிடிக்கிறவ, நொச்சி இலையும் போடுவா, அந்தச் சுகம் தனி, ஆனா ஃப்ளாட்டில வேலையால வந்து ஆர் இனி உப்பு வறுக்கிறது, கேத்தில்ல தண்ணி வச்சா இது ரெடி.

சூடு பட்டா அந்த இடத்தில ரத்த ஓட்டம் கூடும், தசை இளகும். பை அமுக்கிக்கொண்டு கிடக்கிறதும் ஒரு உதவிதான். 1965இல மெல்சாக், வோல் எண்ட ரெண்டு நோ ஆராய்ச்சியாளர் சொன்ன விளக்கம் என்னெண்டா, தொடுகை, அமுக்கம் போன்ற சிக்னல்கள் முள்ளந்தண்டுக்குள்ள வரேக்க நோ சிக்னல் மேல மூளைக்குப் போற கதவு கொஞ்சம் சாத்துப்படும் எண்டு. கால் அடிபட்டா உடன கையால தேய்க்கிறம்தானே, அது சும்மா இல்லை.

ஆனா ஒண்டு, இந்தப் பை நோவை மாத்தாது. மூண்டு மாசத்துக்கு மேல நிக்கிற நோவை டொக்டர்மார் நாட்பட்ட நோ எண்டு தனியாப் பிரிக்கினம். அந்தக் கட்டத்தில கனபேருக்கு நரம்புகளே கூருணர்ச்சியாகி, கோயில் லவுட்ஸ்பீக்கர்ல சவுண்டைக் கூட்டி விட்ட மாதிரி சின்னச் சிக்னலையும் பெரிசாக் கேக்கப் பண்ணும், காயம் ஆறியிருந்தாலும் நோ நிக்கும், நித்திரை குழம்பினா, யோசனை கூடினா இன்னும் ஏறும். வெளியில பாத்தா ஒண்டும் தெரியாது, அதால வீட்டிலயே நம்பாத ஆக்கள் இருக்கினம். தயவு செய்து நம்புங்கோ, அந்த நோ உண்மையான நோ.

ஸ்கேன் றிப்போட்டில டிஸ்க் தேய்ஞ்சிருக்கு எண்டு எழுதி வந்ததோட குனியவே பயந்து கட்டிலோட இருக்கிறவையும் இருக்கினம். 2015இல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில நாரி நோவே இல்லாத ஆக்களின்ட ஸ்கேன்களைப் பாத்திருக்கினம், 20 வயசில 37 வீதம் பேருக்கும் 80 வயசில 96 வீதம் பேருக்கும் டிஸ்க் தேய்வு இருந்திருக்கு. தேய்வு எண்ட சொல்லைப் பாத்து அசையாமக் கிடந்தா தசை இன்னும் பலவீனமாகும், நோ இன்னும் கூடும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசெம்பர்ல நாட்பட்ட நாரி நோவுக்கு விட்ட வழிகாட்டலிலயும் உடற்பயிற்சி, மசாஜ், நோவைப் பற்றி விளங்கப்படுத்துறது இதுகளைத்தான் சொல்லியிருக்கினம், இடுப்பு பெல்ட் வழமையாப் பாவிக்க வேணாம் எண்டும் சொல்லியிருக்கினம்.

அதால நான் பையைப் பாவிக்கிற விதம் இதுதான்: சூடு வச்சு இறுக்கம் விட்ட கையோட எழும்பி நடக்கிறது. மரைன் ட்ரைவ்ல கடல் காத்து வாங்கிக்கொண்டு மெதுவா, நோ சாடையா இருந்தாலும் நடக்கிறது, பிறகு ஃபிசியோ சொல்லித் தந்த பயிற்சி. சூட்டை வச்சிட்டு அப்பிடியே படுத்தே கிடந்தா காசு குடுத்து வாங்கினதில அரைவாசிப் பலன்தான்.

வாங்கேக்க மூடியைத் திருகிப் பாருங்கோ. மலிவு எண்டு நடைபாதையில எடுத்த ஒரு பை எனக்கு மூடிக்கரையால ஒழுகினது. நல்ல பைகளில பூ மாதிரி ஒரு வட்டம் இருக்கும், நடுவில உள்ள இலக்கம் செஞ்ச வருசம், இதழ்கள் மாசம், பழைய ஸ்டொக்கை எடுக்காதேங்கோ, ரெண்டு வருசத்துக்கு மேல ஒண்டையே பாவிக்கவும் வேணாம், ரப்பர் வெடிச்சா உடம்பெல்லாம் சுடுதண்ணி. கொதிச்ச தண்ணியை அப்பிடியே ஊத்தாம ஆற விட்டு முக்கால்வாசிக்குக் குறைய விட்டு, காத்தை அமுக்கி எடுத்திட்டு மூடுங்கோ.

பாம் பூசின இடத்துக்கு மேல பையை வைக்கவே கூடாது. சித்தாலேப பாம் எங்கட வீட்டிலயும் எப்பவும் இருக்கு, எனக்கு அந்த வாசமே பாதி மருந்து, ஆனா பாம் வகைகளோட சூடும் சேந்தா தோல் எரிஞ்சு பொக்களிக்கலாம். பாமோ பையோ, ஒரு நேரத்தில ஒண்டு. ரத்தம் உறையாம இருக்க வோஃபரின் மருந்து குடிக்கிறவை மீதைல் சலிசிலேட் உள்ள பாம்களை டொக்டரைக் கேட்டிட்டுத்தான் பூச வேணும்.

சீனி வருத்தம் உள்ளவை நல்லாக் கவனம். காலில உணர்ச்சி குறைஞ்சிருந்தா சுடுறதே தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும், அவையின்ட காலுக்கு இந்தப் பை வேணாம். பையை வச்சுக்கொண்டு நித்திரை கொள்ளவும் வேணாம். ஒரே இடத்தில நாளாந்தம் சூடு வச்சா வலை மாதிரி மண்ணிற அடையாளம் விழலாம், அப்பிடித் தெரிஞ்சா நிப்பாட்டுங்கோ.

நாரி நோவோட சலம் போறது கட்டுப்பாடு இல்லாமப் போனா, தொடையிடுக்கு மரத்தா, கால் பலம் குறைஞ்சா, காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ சேந்து வந்தா, இந்தப் பையும் வேணாம் எண்ணெயும் வேணாம், டொக்டரிட்டக் காட்டுங்கோ, அதிலயும் முதல் மூண்டில ஒண்டு இருந்தாலும் அண்டைக்கே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கோ.