பழைய கம்ப்யூட்டருக்குக் கேபிளா, கார்டு ரீடரா?

பாளையங்கோட்டையில் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் இன்னும் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஓடுகிறது. போட்டோ பிரிண்டரின் டிரைவர் அதில்தான் வேலை செய்கிறது என்பதால் அவர் அதை மாற்றவில்லை. கூந்தன்குளத்தில் பறவைகளை எடுத்துவிட்டு வந்த அன்று என் கேமராவை அதில் இணைக்க வேண்டியிருந்தது. படங்களை இறக்கக் கேபிள், கார்டு ரீடர் என இரண்டு வழியையும் முயன்று பார்த்தபின், நான் கேபிள் பக்கம்தான்.

ரீடரின் நல்ல குணங்கள் எல்லாருக்கும் தெரியும். விலை குறைவு, கேமரா பேட்டரி கரையாது. புது கம்ப்யூட்டர் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன்.

பழசில் கதை வேறு. என்னுடையது 64 ஜிபி கார்டு. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் முறையில் வருகின்றன. எக்ஸ்பிக்கு அதைப் படிக்கத் தெரியாது. ரீடரில் செருகியதும், 'டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா?' என்று ஒரு பெட்டி வந்தது. அவசரத்தில் என் கை 'யெஸ்' பக்கம் போய்விட்டது. "அமுக்கிராதடே!" என்று அண்ணாச்சி மௌஸைப் பிடித்துக்கொண்டார். அமுக்கியிருந்தால், காலை முழுக்கக் காத்திருந்து எடுத்த வரித்தலை வாத்துகள் என்ன ஆகியிருக்குமோ!

எக்ஸ்ஃபேட்டுக்கு 2009-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் கொடுத்தது. எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் (மைக்ரோசாஃப்ட் தந்த பெரிய அப்டேட் தொகுப்பு) 2 அல்லது 3 இருந்தால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது இல்லாத கம்ப்யூட்டரில் கேபிள்தான் கைகொடுக்கும். காரணம் எளிது. கேமரா பிடிபி என்ற படம் அனுப்பும் முறையில் இணைந்தால், கார்டைப் படிப்பது கேமராவே. கம்ப்யூட்டர் படங்களைக் கேட்கும், கேமரா எடுத்துக் கொடுக்கும். கார்டு எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருந்தாலும் கம்ப்யூட்டருக்குக் கவலையில்லை. எக்ஸ்பிக்குள்ளேயே பிடிபி இருப்பதால் தனி டிரைவரும் தேவைப்படவில்லை. கேமரா மெனுவில் யுஎஸ்பி என்ற இடத்தில் பிடிபி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாஸ் ஸ்டோரேஜ் என்றிருந்தால் கார்டை ஒரு டிஸ்க் போலக் கம்ப்யூட்டரே நேராகப் படிக்கப் பார்க்கும், அதே ஃபார்மட் கேள்விதான் திரும்ப வரும்.

நான் எடுத்தது ஜேபெக் படங்கள் மட்டும். ரா கோப்புகளை (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படங்கள்) எக்ஸ்பியில் இப்படி இறக்கிப் பார்த்ததில்லை, அதனால் அதற்கு உறுதி சொல்ல மாட்டேன். கேபிள் போடுமுன் பேட்டரியை முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள். கேமராவை மேசையில் வைத்தபின் செருகுங்கள். தொங்கவிட்டால் அந்தச் சின்ன சாக்கெட்தான் முதலில் ஆட்டம் காணும்.

அப்புறம் போர்ட். டிவைஸ் மேனேஜரில் (கம்ப்யூட்டரில் உள்ள கருவிகளின் பட்டியல்) யுஎஸ்பி பகுதியில் 'என்ஹான்ஸ்டு' என்ற சொல் இருந்தால் யுஎஸ்பி 2.0 இருக்கிறது, நொடிக்கு 480 மெகாபிட். இல்லையென்றால் பழைய 12 மெகாபிட்தான். 4 ஜிபி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அண்ணாச்சியின் கம்ப்யூட்டரில் முன்பக்க போர்ட் அந்தப் பழைய வகை. பின்னால் தனியாகப் போட்டிருந்த யுஎஸ்பி 2.0 போர்ட் கார்டில் கேபிளை மாற்றிச் செருகினோம். டீ வருவதற்குள் வாத்துகள் எல்லாம் திரையில் இறங்கிவிட்டன.