56 அளவு ஃபிரேமை என் தலையில் கட்டிய கடை

கோவையில் ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள்) வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் இன்னும் முழுதாக முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. ஸ்டாக்கில் தங்கிவிட்ட வண்டியை எப்படியாவது வெளியே தள்ள வேண்டும் என்ற அவசரம் எந்தக் கடைக்கும் வரும். அப்போது காட்டப்படும் வித்தைகளும் ஏறக்குறைய இவையாகத்தான் இருக்கும்.

என் உயரம் 170 செ.மீ. பெரும்பாலான கம்பெனிகளில் இந்த உயரத்துக்கு 52 அல்லது 54 அளவு (செ.மீ. கணக்கு) ஃபிரேம் பொருந்தும். கடையில் இரண்டும் இல்லை. முந்தைய வருடத்து மாடலில் ஒரே ஒரு 56 நின்றுகொண்டிருந்தது. "அளவெடுத்துப் பார்க்காமல் நாங்கள் வண்டி தருவதில்லை சார்" என்றார் விற்பனையாளர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த அளவெடுப்புக்குத் தனியாக ரூ.3,500 என்பதை பில் போடும்போதுதான் சொன்னார்.

முதலில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஓடும் மேல்குழாயைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். குழாய்க்கும் எனக்கும் இடையில் இரண்டு விரல் நுழைந்தது. "கச்சிதம் சார்" என்று தீர்ப்பு வந்துவிட்டது. மேல்குழாய் தரைக்கு இணையாக இருந்த பழைய ஸ்டீல் வண்டிகளில் இந்தச் சோதனைக்கு ஓரளவு பொருள் உண்டு. 1990களின் பிற்பகுதியில் ஜயண்ட் கம்பெனி ரோடு பைக்கின் மேல்குழாயைப் பின்பக்கமாகச் சரித்துக் காட்டியது, பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். சரிந்த குழாயின் மேல் குட்டையானவரும் சுகமாக நிற்கலாம். உட்கார்ந்த பிறகு கை எவ்வளவு தூரம் நீள வேண்டியிருக்கும் என்பதைப் பற்றி அந்த இரண்டு விரல் ஒன்றும் சொல்லாது.

அடுத்து வண்டியை டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ஸ்டாண்டில்) மாட்டி என்னை ஏற்றினார்கள். ஹேண்டில்பார் எட்டத்தில் இருந்தது. முழங்கை மடங்கவே இல்லை என்று சொன்னேன். மெக்கானிக் தம்பி ஒருவர் வந்து சீட்டைத் தளர்த்தினார். சீட்டைத் தாங்கும் அடிக்கம்பியில் அது எவ்வளவு முன்னால் வருமோ அவ்வளவும் இழுத்து இறுக்கினார். அப்படியும் போதவில்லை. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் குட்டைத் துண்டுதான் ஸ்டெம்; வண்டியோடு வந்த 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு, 80 மி.மீ. ஸ்டெம் ஒன்றை மூக்கு மேலே பார்க்கும்படி மாட்டினார். இப்போது கை எட்டியது. அந்த ஸ்டெம்முக்கும் பில்லில் ரூ.1,800 ஏறியது.

இங்கேதான் சூட்சுமம். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துவது கால்களுக்காக. பெடல் தரைக்கு இணையாக முன்னால் வரும்போது முழங்காலின் முன்பகுதியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது பெடலின் அச்சை ஒட்டி இறங்க வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அது வேதவாக்கு இல்லை, ஆனால் தொடங்குவதற்கு நல்ல இடம். கை எட்டவில்லை என்பதற்காகச் சீட்டை முன்னே இழுத்தால் உடம்பின் எடையே முன்னால் சாய்ந்து உள்ளங்கையில் இறங்கும். பெரிய செருப்பில் பஞ்சு அடைத்துக் காலுக்குச் சரியாக இருக்கிறது என்று விற்பதைப் போன்ற வேலை இது. டிரெய்னரில் ஐந்து நிமிடம் மிதித்தால் யாருக்கும் எதுவும் வலிக்காது. கடைக்காரருக்கு அது தெரியும்.

சாலையில் தெரிந்துவிட்டது. சிறுவாணி சாலையில் பேரூரைத் தாண்டி மாதம்பட்டி வருவதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் வெளி ஓரமாக ஓடும் அல்நார் நரம்பு அழுந்தினால் சரியாக இந்த இரண்டு விரல்தான் மரக்கும். சைக்கிள் ஓட்டுபவர்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் தொல்லை இது. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக எதிரே வரும்போது குனிந்தால் முழு எடையும் கையில், நிமிர்ந்தால் காற்று மார்பில் அறையும். மாங்கரையிலிருந்து ஆனைகட்டி ஏறித் திரும்பி இறங்கும்போது ஹேண்டில்பார் சின்ன அசைவுக்கெல்லாம் துள்ளியது. கடைக்குப் போன் செய்தால் ஒரே பதில்தான்: "புது வண்டி சார், உடம்பு பழக வேண்டாமா?"

உடம்பு பழகட்டும் என்று இருந்தவன் அளவெடுத்த தாளை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அச்சிட்டுக் கையெழுத்துப் போட்ட தாள். உள்கால் (கவட்டிலிருந்து பாதம் வரை) 84 செ.மீ., சீட் உயரம் 74.2 செ.மீ., ஃபிரேம் 56 என்று இருந்தது.

உள்காலை அளப்பதற்கு லேசர் எதுவும் வேண்டாம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி கவட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை இன்னொருவரை அளக்கச் சொன்னால் போதும். எனக்கு வந்தது 78. மனைவியும் அளந்தார், மைத்துனரும் அளந்தார். 78-தான். ஷூவோடு அளந்திருந்தாலும் 3 செ.மீ. கூடலாம், ஆறு எப்படிக் கூடும்?

கணக்கைத் திருப்பிப் போட்டால் விடை கிடைக்கிறது. பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரிடமிருந்து அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் வழியாக உலகெங்கும் பரவிய சூத்திரம் ஒன்று உண்டு. உள்கால் அளவை 0.67 ஆல் பெருக்கினால் மேல்குழாய் சரியாத ஃபிரேமின் அளவு வரும். 0.883 ஆல் பெருக்கினால் பெடலைத் தாங்கிச் சுழலும் தண்டான கிராங்கின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரம் வரும். என் 78-க்கு ஃபிரேம் 52.3. கடையில் நின்ற 56 வர வேண்டுமென்றால் உள்கால் 84 இருக்க வேண்டும். 84-ஐ 0.883 ஆல் பெருக்கினால் 74.2, தாளில் இருப்பதும் அதுவே. டேப்பை எடுத்துக்கொண்டு போய் வண்டியை அளந்தேன். சீட் 69-ல் இருந்தது! 74-ல் வைத்திருந்தால் பெடல் அடியில் போகும்போது என் கால் எட்டாது, வேஷம் கடையிலேயே கலைந்திருக்கும். ஆகவே சீட்டை என் காலுக்கு ஏற்றபடி வைத்தார்கள், தாளில் ஃபிரேமுக்கு ஏற்ற காலை எழுதிவிட்டார்கள்.

பிறகு பெங்களூரில் எந்தக் கடையையும் சேராத, உடம்புக்கு ஏற்ப சைக்கிளை அளவு பார்த்துத் தரும் ஒரு ஃபிட்டரிடம் வண்டியோடு போனேன். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோணமானி வைத்துப் பார்த்தார். 25-க்கும் 35-க்கும் நடுவில் இருக்க வேண்டும், இருந்தது. "உயரத்தில் குறையில்லை, நீளத்தில்தான் கோளாறு" என்றார்.

அவர் விளக்கியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், வண்டி வாங்குபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள விஷயம் இல்லை. 52, 56 என்ற எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் கிராங்கிலிருந்து மேல்குழாயின் மையம் வரை அளப்பார்கள், சிலர் மேல்விளிம்பு வரை. சிலர் வெறும் எஸ், எம், எல். ஒப்பிட உதவுபவை ஸ்டேக், ரீச் என்ற இரண்டு எண்கள்தான். கிராங்கின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் முன்பக்கக் குழாய்) உச்சி வரை செங்குத்தாக அளந்தால் ஸ்டேக், கிடையாக அளந்தால் ரீச். என் மாடலின் 52-க்கும் 56-க்கும் ரீச் வித்தியாசம் 15 மி.மீ. மட்டுமே. "ஒன்றரை சென்டிமீட்டருக்கா இந்த ரகளை?" என்று கடைக்காரர் பின்னால் கேட்டார். ஆனால் 56-ன் ஸ்டேக் 40 மி.மீ. கூடுதல். ஹெட் டியூப் பின்னால் சாய்ந்திருப்பதால் 52-ல் ஸ்பேசர் (இடைவளையம்) போட்டு ஹேண்டில்பாரை உயர்த்தும் ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் அது சுமார் 3 மி.மீ. நம்மை நோக்கி வரும். ஒரே உயரத்தில் வைத்து ஒப்பிட்டால் 56 எனக்கு 27 மி.மீ. நீளம். 52 வண்டியோடு 90 மி.மீ. ஸ்டெம் வருகிறது, 56-ல் 110. அந்த 20-ஐயும் கூட்டினால் கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர். சீட்டைப் பின்னே தள்ளிச் சரியான இடத்தில் வைத்தால் 60-ஐ ஒட்டிய ஸ்டெம் தேவைப்படும். ரோடு பைக்கின் ஸ்டியரிங் அவ்வளவு குட்டை ஸ்டெம்மை நினைத்துச் செய்யப்படுவதில்லை.

ஹேண்டில்பார் 44 செ.மீ., என் தோள் எலும்புகளுக்கு இடையே 40. கிராங்க் நீளம் 172.5 மி.மீ., எனக்கு 170 அல்லது அதற்கும் குறைவு. ஃபிரேம் பெரிதானால் அதோடு வரும் எல்லாமே பெரிதாகும் என்பதைக் கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மில்லிமீட்டர் கணக்கு பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் பெல்ஜிய சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸைக் கேட்க வேண்டும். 1969-ல் பிரான்ஸின் ப்ளுவா ஓட்டத்திடலில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு, பந்தயத்தின் நடுவிலேயே ஸ்பேனரை எடுத்துச் சீட்டைத் திருத்திக்கொண்டே ஓட்டிய மனிதர் அவர்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் உள்காலை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மாடலின் ஸ்டேக், ரீச் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும், நண்பர்களிடம் உங்களுக்குப் பொருந்தும் வண்டி இருந்தால் அதன் எண்களோடு ஒப்பிடுங்கள். கடையில் சீட்டை அடிக்கம்பியின் நடுவில் வைத்து, வண்டியோடு வந்த ஸ்டெம்மைக் கழற்றாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏறி உட்காரும் முன்பே ஸ்பேனர் வெளியே வந்தால் கிளம்பிவிடலாம். அளவெடுத்தால் தாளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்.

எனக்குக் கைகொடுத்ததும் அந்தத் தாள்தான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் இருந்ததைக் காட்டினார்கள். ஃபிரேமில் குறை இல்லை என்பது அவர்கள் வாதம். பணம் வாங்கிக்கொண்டு பொய் அளவு எழுதிய சேவையில் குறை என்பது என் வாதம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்து, தாளின் நகலோடு நோட்டீஸ் அனுப்பிய பிறகு குரல் இறங்கியது. தேய்மானம் என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு வண்டியைத் திரும்ப எடுத்தார்கள். 3,500-ம் ஸ்டெம் பணமும் இன்னும் வரவில்லை, அதை விடப்போவதில்லை.

போன வாரம் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். அதே 56 கண்ணாடிக்குப் பின்னால் புது வண்டி விலையோடு நிற்கிறது. மூக்கு மேலே பார்த்த 80 மி.மீ. ஸ்டெம்மைக்கூட மாற்றவில்லை. இடதுபக்கச் செயின்ஸ்டேயின் (கிராங்கிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்) உட்புறம் நகத்தின் அகலத்துக்கு பெயிண்ட் உரிந்திருக்கும். அந்த வண்டியைப் புதிது என்று யாரும் வாங்கிவிடாதீர்கள்.